கடல் வெளியே போயிருக்கிறது

வா, பக்கத்தில் உட்கார். கையில் என்ன, மாங்காய்ப் பத்தையா? எனக்கும் ஒன்று கொடு. தின்றுகொண்டே பேசலாம்.

போன தடவை நீ ஒரு கேள்வி கேட்டாய், நினைவிருக்கிறதா? "மாமா, கடல் ஒரே இடத்தில்தானே இருக்கும்? அது எங்கேயாவது போகுமா?" என்றாய். அடேயப்பா, பெரியவர்கள் பலருக்குக் கேட்கத் தோன்றாத கேள்வி! அதற்குப் பதில் சொல்ல வேண்டுமானால் உன்னை ஓர் ஊருக்குக் கூட்டிப்போக வேண்டும்.

ஊரின் பெயர் பிளாக்பூல். இங்கிலாந்தின் வடமேற்குக் கரையில், ஐரிஷ் கடலைப் பார்த்தபடி இருக்கிறது. லீவு விட்டால் அந்த நாட்டுக்காரர்கள் ஓடிப்போகும் கடற்கரை ஊர்களில் ரொம்பப் பேர்போனது. கழுதைச் சவாரி, ராட்டினம், மிட்டாய்க் கடை, ராத்திரியில் கலர் விளக்கு. நம்மூர்த் திருவிழாக் கடைத்தெருவைக் கடலோரத்துக்குக் கொண்டுபோய், மாதக்கணக்கில் அப்படியே விட்டுவிட்டால் எப்படி இருக்கும்? ஏறக்குறைய அப்படி.

நான் போய்ச் சேர்ந்தது செப்டம்பரில், ஒரு பௌர்ணமி இரவில். விடுதி கடற்கரைச் சாலைமேலேயே இருந்தது. படுத்தால் 'தொம்... தொம்...' என்று சுவரில் அலை மோதும் சத்தம். கட்டிலே ஆடுவதுபோல் இருந்தது. விடிந்ததும் முதல் வேலையாகக் கடலில் காலை நனைக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே தூங்கிப்போனேன்.

காலை ஏழு மணிக்குச் சன்னலைத் திறந்தேன்.

கடலைக் காணோம்!

வெறும் மணல். ஈரமாக, பளபளவென்று, கண்ணுக்கு எட்டிய வரை மணல். அதற்கும் அப்பால் வெள்ளிக் கம்பிபோல ஒரு கோடு. கீழே ஓடிப்போய்க் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு திருதிருவென்று விழித்தேன். நாயோடு நடந்துபோன ஒரு பாட்டி என் முகத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டார். "கடல் வெளியே போயிருக்கிறது. மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்துவிடும்" என்றார். பக்கத்து வீட்டு அண்ணன் கடைக்குப் போயிருப்பதைச் சொல்வதுபோல!

சரி, கடலை வெளியே கூப்பிட்டது யார்?

முந்தின இரவு என் சன்னலில் எட்டிப் பார்த்ததே, அந்த நிலாதான்.

இப்படி வைத்துக்கொள். மூன்று பிள்ளைகள் ஒருவர் பின் ஒருவராக நிற்கிறார்கள். பள்ளிக்கூட மணி அடிக்கிறது. முதல் பிள்ளை வேகமாக ஓடுகிறான். நடுவில் இருப்பவன் சுமாராக ஓடுகிறான். கடைசிப் பிள்ளை மெதுவாக வருகிறான். கொஞ்ச நேரத்தில் என்ன ஆகும்? நடுப்பிள்ளைக்கு முன்னாலும் இடைவெளி விழும், பின்னாலும் இடைவெளி விழும். இல்லையா?

முதல் பிள்ளை, நிலாவைப் பார்த்த பக்கத்துக் கடல். நிலாவுக்குக் கிட்டத்தில் இருப்பதால் அதற்கு இழுப்பு அதிகம். நடுப்பிள்ளை, பூமி. கடைசிப் பிள்ளை, பூமிக்கு மறுபக்கத்துக் கடல். தூரத்தில் இருப்பதால் அதற்கு இழுப்புக் குறைவு, பின்தங்கிவிடுகிறது. அதனால் இரண்டு பக்கமும் தண்ணீர் சற்றே புடைத்துக்கொள்கிறது.

பூமி சும்மா இருக்கிறதா? சுற்றுகிறது. சுற்றும்போது ஒவ்வொரு ஊரும் ஒரு நாளில் இரண்டு புடைப்பையும் தாண்டிப் போகிறது. புடைப்பு வரும்போது கடல் ஏறும். தாண்டியதும் வற்றும். ஒரு ஏற்றத்துக்கும் அடுத்த ஏற்றத்துக்கும் சுமார் 12 மணி 25 நிமிடம். உன் பாடப்புத்தகத்தில் இதற்குப் பெயர் ஓதம். பௌர்ணமி, அமாவாசையை ஒட்டிச் சூரியனும் நிலாவும் ஒரே கோட்டில் நின்று இழுப்பதால், ஏற்றமும் பெரிது, வற்றமும் பெரிது.

புரிந்ததா? தலையை ஆட்டுகிறாய். ஆனால் புருவம் சுருங்கியே இருக்கிறதே. கேள், கேள்.

"மெரினாவுக்கும் அதே நிலாதானே மாமா? அங்கே கடல் காணாமல் போவதில்லையே?"

சபாஷ்! இதைத்தான் எதிர்பார்த்தேன். சென்னையில் பௌர்ணமியன்றுகூடக் கடல் மட்டம் ஒரு மீட்டர் அளவுக்குத்தான் ஏறி இறங்கும். என் இடுப்பு உயரம். பிளாக்பூலிலோ சுமார் 8 மீட்டர்! இரண்டு மாடி வீட்டை முழுக்க மூழ்கடிக்கும் உயரம்.

காரணம் அந்தக் கடலின் வடிவம். ஐரிஷ் கடல் ஒரு அண்டா மாதிரி. ஒரு பக்கம் அயர்லாந்து, மறு பக்கம் பிரிட்டன். அட்லாண்டிக் பெருங்கடலின் ஏற்றம் தெற்கே ஒரு வாசல், வடக்கே ஒரு வாசல் என்று இரண்டு வழியாக உள்ளே நுழைகிறது. இரண்டும் உள்ளே வந்து ஒன்று சேர்ந்து, பிளாக்பூல் இருக்கும் கிழக்குக் கரையில் உயரமாக எழும்புகின்றன. அகலமான குண்டானில் தண்ணீர் தூக்கிக்கொண்டு நடந்திருக்கிறாயா? நடுவில் தண்ணீர் பேசாமல் இருக்கும். ஓரத்தில்தான் 'தளக்' என்று ஏறி உன் சட்டையை நனைக்கும். அந்த ஓரத்தில் உட்கார்ந்திருக்கிறது பிளாக்பூல்.

இன்னொன்று. அங்கே கரை ரொம்பத் தட்டை. ரசத்தைத் தம்ளரில் ஊற்றினால் அது இருந்த இடத்தில் நிற்கும். வாழை இலையில் ஊற்றினால்? மூலைக்கு மூலை ஓடும். சரிவு மிகக் குறைந்த மணலில் தண்ணீர் 8 மீட்டர் இறங்கினால், கரையைவிட்டு வெகு தூரம் போக வேண்டியிருக்கிறது. அதுதான் எனக்குக் கடல் காணாமல் போன கதை.

சரி, வெறும் மணலில் என்ன பார்ப்பது என்று நினைக்காதே. செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தேன். அரை மணி நேரத்தில் இரண்டு அதிசயம் கிடைத்தது.

முதல் அதிசயம், இடியாப்பம்! ஆமாம், மணல் முழுக்கக் குட்டிக் குட்டி இடியாப்பம். கட்டைவிரல் அகலத்துக்குச் சுருள் சுருளாக யாரோ பிழிந்து வைத்ததுபோல. குனிந்து தொட்டால் மணல்தான். கீழே ஒரு புழு இருக்கிறது. வளைந்த குழிக்குள் இருந்துகொண்டு, மணலை விழுங்கி, அதில் ஒட்டியிருக்கும் உணவை மட்டும் எடுத்துக்கொண்டு, மிச்ச மணலை வால்பக்கமாக மேலே பிழிந்து தள்ளுகிறது. ஒவ்வொரு இடியாப்பத்துக்கும் கொஞ்சம் தள்ளி ஒரு சின்னப் பள்ளம் தெரியும். தலைப்பக்கம் மணல் உள்ளே சரியும் இடம் அது. கடல் வந்து எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் போகும். புழு மறுபடியும் பிழியும். தூண்டில்காரர்கள் இரைக்காக இந்தப் புழுவைத் தோண்டி எடுக்கிறார்கள்.

இரண்டாவது அதிசயத்தை நீயே செய்து பார்க்கலாம். நம்மூர்க் கடற்கரையிலும் நடக்கும். அலை இப்போதுதான் திரும்பிப்போன ஈர மணலில் காலை அழுத்தி வை. காலைச் சுற்றி மணல் என்ன ஆகிறது? சட்டென்று வெளுத்துக் காய்ந்ததுபோல் ஆகிறது! அழுத்தினால் தண்ணீர் பிதுங்கி வெளியே வரவேண்டாமா? ஈரத் துணியைப் பிழிந்தால் தண்ணீர் வெளியேதானே வரும்? இங்கே ஏன் உள்ளே ஓடுகிறது?

மாம்பழக் கூடையை நினைத்துக்கொள். வியாபாரி பழங்களைக் குலுக்கிக் குலுக்கி, ஒரு பழத்தின் இடுக்கில் இன்னொன்று உட்காருமாறு அடுக்கியிருக்கிறார். அதற்குமேல் நெருக்கவே முடியாது. இப்போது நீ கையை விட்டு நடுவில் ஒரு தள்ளு தள்ளுகிறாய். ஒவ்வொரு பழமும் பக்கத்துப் பழத்தின்மேல் ஏறித்தான் நகர முடியும். ஏறினால் இடுக்குகள் பெரிதாகும். குவியலும் கொஞ்சம் உப்பும்.

மணலும் அப்படித்தான். அலை ஆட்டி ஆட்டி மணலை நெருக்கமாக அடுக்கிவைத்திருக்கிறது. உன் கால் அதைக் கலைக்கிறது. மணல் துகள்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறுகின்றன, இடுக்குகள் பெரிதாகின்றன, மேலே இருந்த தண்ணீர் அந்த இடுக்குகளுக்குள் ஓடிவிடுகிறது. மேல்பக்கம் காய்ந்ததுபோல் தெரிகிறது. காலை எடுத்தால் தடம் மறுபடி ஈரமாகிறது. இதை 1885இல் விளக்கிச் சொன்னவர் ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ். பிளாக்பூலுக்குப் பக்கத்து நகரமான மான்செஸ்டரில் பேராசிரியர். கோடிக்கணக்கானவர்கள் மிதித்துவிட்டுப் போன மணல்தான். காலுக்குக் கீழே ஒரு கேள்வி இருப்பதைக் கவனிக்க ஒரு ஆள் வேண்டியிருந்தது, பார்.

நடந்தபடியே கடல் பாலத்துக்குக் கீழே வந்துவிட்டேன். மறு கரையே இல்லாத பாலம் இது! கரையில் தொடங்கும், கடலுக்குள் நீளும், நடுக்கடலில் முடிந்துவிடும். அங்கே இதைப் 'பியர்' என்கிறார்கள். பிளாக்பூலில் இப்படி மூன்று இருக்கின்றன. மூத்தது வடக்குப் பியர். 1863இல் திறந்தது. கட்டியவர் யூஜீனியஸ் பர்ச். இங்கிலாந்துக் கடற்கரைகளில் இப்படிப் பல பியர்களைக் கட்டியவர்.

மறு கரை இல்லாத பாலம் எதற்கு என்கிறாயா? யோசி. கடல் இவ்வளவு தூரம் ஓடிப்போகும் ஊரில் படகில் வருபவர் எங்கே இறங்குவார்? பாலத்தை நீட்டிக் கடலைத் தேடிப்போனார்கள். அதோடு, காசு கொடுத்தால் கால் நனையாமல் 'கடல்மேல்' நடக்கலாம். அலையில் இறங்கப் பயந்த பட்டணத்துக்காரர்களுக்கு அது போதாதா?

பாலத்தின் இரும்புத் தூண்களைக் கிட்டத்தில் பார்த்தேன். பாசி படிந்து, சிப்பி ஒட்டி, பாதித் தூண் பச்சை. மணலில் இவை எப்படி நிற்கின்றன? நீ கடற்கரையில் குச்சியை நட்டால் இரண்டாவது அலையில் சாய்ந்துவிடுமே! இந்தத் தூண்களின் அடியில் திருகு இருக்கிறது. திருகாணியை மரத்தில் முறுக்கி இறக்குவார்களே, அதேபோலத் தூணையே மணலுக்குள் முறுக்கி, அடிப்பாறை வரை இறக்கியிருக்கிறார்கள். திருகுத் தூணுக்கு 1833இல் காப்புரிமை வாங்கியவர் அலெக்சாண்டர் மிட்செல் என்ற அயர்லாந்துப் பொறியாளர். அவருக்குக் கண் தெரியாது. இளம் வயதிலேயே பார்வை போய்விட்டது. தடவிப் பார்த்தே வேலையைச் சரிபார்ப்பாராம்.

ஒரு வாய் தண்ணீர் குடித்துக்கொள். இப்போது ஊருக்குக் கூட்டம் வந்த கதை.

பிளாக்பூலுக்கு ரயில் வந்தது 1846இல். அதைச் சுற்றியிருந்த லங்காஷயர் வட்டாரம் முழுக்கப் பஞ்சாலைகள். தறிச் சத்தம், பஞ்சுத் தூசி, புகைபோக்கி. ஒவ்வோர் ஊரிலும் தேவாலயத் திருவிழா ஒன்று உண்டு. நம்மூர்க் கோயில் திருவிழாபோல. அந்த வாரம் ஆலையையே மூடிவிடுவார்கள். கொதிகலனைப் பழுது பார்க்கவும் அது தோதாகப் போயிற்று. இந்த வாரம் ஒரு ஊர் ஆலை மூடினால், அடுத்த வாரம் இன்னோர் ஊர். ஆலை மூடியதும் ஊரே மூட்டை கட்டிக்கொண்டு ரயிலேறும். ஒரு தெருக்காரர்கள் எல்லாரும் பிளாக்பூலிலும் ஒரே தெருவில் தங்கினார்கள் என்றால் பார்த்துக்கொள். லீவிலும் அதே பக்கத்து வீட்டுக்காரர்!

1871இல் பிரிட்டன் நாடாளுமன்றம் வங்கி விடுமுறைச் சட்டம் கொண்டுவந்தது. ஆண்டில் சில நாள் வங்கிகளுக்கு விடுமுறை. வங்கி மூடினால் மற்ற வேலையும் நடக்காது, எல்லாருக்கும் லீவு. அந்தச் சட்டத்தைக் கொண்டுவந்தவர் ஜான் லப்பக். இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள். அவரை மறுபடி கூப்பிடுவேன்.

மணலில் கழுதைகள் வந்துவிட்டன. நெற்றிப் பட்டையில் பெயர் எழுதி, மணி கட்டி, வரிசையாக. உன்னை மாதிரிப் பிள்ளைகள் மட்டும்தான் ஏறலாம். என்னை மாதிரித் தொப்பை வைத்தவர்களுக்கு அனுமதி இல்லை. கழுதைகளுக்கு நகராட்சி விதியே இருக்கிறது. மத்தியானம் சாப்பாட்டு இடைவேளை. வெள்ளிக்கிழமை விடுமுறை. நம்மில் பலருக்கு இல்லாத வசதி.

அதற்குள் அந்த வெள்ளிக் கம்பி தடிக்க ஆரம்பித்திருந்தது. முதலில் மணலில் இருந்த பள்ளங்களுக்குள் தண்ணீர் நழுவி வந்தது. சத்தமே இல்லை. நான் நின்ற மேட்டைச் சுற்றிப் பின்பக்கமாகவும் தண்ணீர் வந்துவிட்டதைக் கழுதைக்காரர் கத்திச் சொன்ன பிறகுதான் பார்த்தேன். ஓட்டமாக ஓடிப் படியேறினேன். தட்டைக் கரையில் ஏற்றம் இப்படித்தான் திருட்டுத்தனமாக வரும். அதனால் அங்கே போகிறவர்கள் ஏற்ற நேரப் பட்டியலைப் பார்த்துவிட்டுத்தான் மணலில் இறங்குவார்கள். நான் பார்க்கவில்லை. நீ என்னைப்போல் இருக்காதே.

மத்தியானம் பியர் பலகைமேல் நின்றேன். காலையில் நான் நடந்த இடம் எல்லாம் இப்போது கடல். பலகை இடுக்கு வழியாகக் கீழே பார்த்தால் பச்சைத் தண்ணீர் குதிக்கிறது. பாட்டி சொன்னது சரி. சாப்பாட்டுக்கு வந்துவிட்டது.

அடுத்து நான் போன இடம்தான் உனக்கு ரொம்பப் பிடிக்கும். மிட்டாய்ப் பட்டறை.

பிளாக்பூல் ராக் என்று ஒரு மிட்டாய். குச்சிபோல நீளமாக, வெளியே ரோஸ், உள்ளே வெள்ளை. கடித்துப் பார்த்தால் வெள்ளை நடுவில் சிவப்பு எழுத்தில் ஊர்ப் பெயர் வட்டமாக எழுதியிருக்கும். இன்னும் கடி. அதே பெயர். கடைசித் துண்டு வரை அதே பெயர்! உள்ளே போய் எழுதியது யார்? பேனா எப்படிப் போயிற்று?

உனக்கு ஜவ்வுமிட்டாய்க்காரரைத் தெரியுமல்லவா? மூங்கில் கழியில் பொம்மை கட்டி, கலர் மிட்டாயை இழுத்து வாட்சும் மயிலும் செய்து தருவாரே, அவர்தான். அவருடைய வித்தையைப் பெரிதாக்கினால் ராக் மிட்டாய்.

சர்க்கரையும் குளுக்கோஸ் பாகும் தண்ணீரும் பெரிய பாத்திரத்தில் கொதிக்கின்றன. தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும், இல்லையா? இந்தப் பாகு ஏறக்குறைய 150 டிகிரி வரை ஏறும். தண்ணீர் ஆவியாகப் போகப் போக, மிச்சம் இருக்கும் சர்க்கரை இன்னும் சூடேற முடிகிறது. பிறகு அடியில் குளிர்ந்த நீர் ஓடும் இரும்பு மேசைமேல் கொட்டுகிறார்கள். கண்ணாடிபோலத் தெளிவாக, தேன் நிறத்தில் பரவுகிறது. புதினா எண்ணெய் மணம் மூக்கைத் துளைக்கிறது.

அதில் ஒரு பங்கை வெட்டி எடுத்துச் சிவப்புக் கலந்தார்கள். இன்னொரு பங்கை இழுக்கும் இயந்திரத்தில் மாட்டினார்கள். இரண்டு இரும்புக் கை அதை இழுக்கிறது, மடிக்கிறது, இழுக்கிறது, மடிக்கிறது. பார்த்துக்கொண்டே இருக்கிறேன், தேன் நிறம் வெளுத்துக்கொண்டே வருகிறது! வெள்ளைச் சாயம் ஒரு சொட்டுக்கூட ஊற்றவில்லை. இரண்டு நிமிடத்தில் பட்டுத்துணிபோல வெள்ளை. எப்படி?

காற்று. ஒவ்வொரு மடிப்பிலும் கொஞ்சம் காற்று உள்ளே மாட்டிக்கொள்கிறது. ஆயிரமாயிரம் குட்டிக் குமிழி. உள்ளே வரும் வெளிச்சம் குமிழிக்குக் குமிழி முட்டி, எல்லா நிறமும் கலந்தபடியே வெளியே சிதறுகிறது. எல்லா நிறமும் கலந்தால் கண்ணுக்கு வெள்ளை. அம்மா காப்பி ஆற்றும்போது பார். காப்பி கறுப்பாக இருந்தாலும் நுரை வெளுப்பு. கடல் பச்சை, அலை நுரை வெள்ளை. பியருக்குக் கீழே பார்த்த நுரைக்கும் இந்த மிட்டாய்க்கும் ஒரே சூத்திரம்.

இப்போது எழுத்து. ஆங்கிலத்தில் பிளாக்பூலுக்கு ஒன்பது எழுத்து. ஒவ்வோர் எழுத்தையும் நீளக் கட்டையாகக் கட்டுகிறார்கள். 'ஓ' எழுத்துக்கு வெள்ளை உருளை செய்து, அதைச் சுற்றிச் சிவப்பு ஏடு. 'எல்' எழுத்துக்குச் சிவப்புப் பட்டை இரண்டை மூலையாக ஒட்டி, மிச்ச இடத்தில் வெள்ளை. கட்டையின் முனையைப் பார்த்தால்தான் எழுத்துத் தெரியும். பக்கவாட்டில் பார்த்தால் வெறும் கோடு. எல்லாவற்றையும் வெள்ளை நடுத்தண்டைச் சுற்றி அடுக்கி, வெளியே ரோஸ் போர்வை போர்த்துகிறார்கள். இப்போது மேசைமேல் கிடப்பது மிட்டாய் இல்லை, தென்னை அடிமரம்! அவ்வளவு பருமன்.

அந்த அடிமரத்தை உருட்டிக்கொண்டே ஒரு முனையை இழுக்கிறார்கள். கை பருமன், பிறகு விரல் பருமன், மீட்டர் மீட்டராக நீள்கிறது. எழுத்து நசுங்கவில்லையா? இல்லை. எல்லாப் பக்கமும் ஒரே பாகு, ஒரே சூடு. அதனால் எல்லாம் ஒரே அளவில் சிறுக்கிறது. பெரிய 'ஓ' சின்ன 'ஓ' ஆகிறது, அவ்வளவே. ஒரு பக்கம் மட்டும் ஆறிவிட்டால்தான் எழுத்து கோணும். அதனால்தான் அவர்கள் உருட்டுவதை நிறுத்தவே இல்லை. பட்டறைக்காரர் கத்தரிக்கோலால் ஒரு துண்டை 'டக்' என்று வெட்டி முனையைக் காட்டினார். குன்றிமணி அளவு எழுத்துகள்! நானும் இரண்டு குச்சி வாங்கிக்கொண்டேன்.

பசித்தது. காகிதத்தில் சுற்றிய மீன் வறுவலும் உருளைக்கிழங்குச் சிப்சும் வாங்கிக் கடல் சுவரில் உட்கார்ந்தேன். சிப்ஸ் என்றால் நம்மூர் வட்டச் சிப்ஸ் இல்லை. விரல் தடிமனில் வெட்டி எண்ணெயில் பொரித்தது, மேலே உப்பும் வினிகரும். மூன்றாவது சிப்ஸ் வாய்க்குப் போகும் வழியில் காணாமல் போயிற்று. தலைக்குமேல் ஒரு வெள்ளை இறக்கை. கடற்காகம்!

கோபப்படாமல் கவனி. எக்ஸிடர் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் இதையே ஒரு சோதனையாகச் செய்து 2019இல் வெளியிட்டார்கள். தரையில் சிப்ஸ் பையை வைத்துவிட்டு, கடற்காகத்தை நேராகக் கண்ணால் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். இன்னொரு முறை முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். பார்த்துக்கொண்டே இருந்தபோது காகம் கிட்டே வரச் சராசரியாக 21 விநாடி கூடுதலாகத் தயங்கியது. திருடனுக்கு நம் கண் எங்கே இருக்கிறது என்று தெரிகிறது! மீதிச் சிப்சை நான் காகத்தை முறைத்துக்கொண்டே தின்றேன். பார்த்தவர்கள் என்ன நினைத்தார்களோ.

இன்னொரு விஷயமும் சொல்லிவிடுகிறேன். கடற்காகம் கடல்நீரையே குடிக்கும். நம்மால் முடியாது. அதன் கண்ணுக்கு மேலே உப்பைப் பிரித்தெடுக்கும் சுரப்பி இருக்கிறது. பிரித்த உப்புநீர் மூக்கு வழியாக வழிந்து அலகு நுனியில் சொட்டும். அது சளி இல்லை.

மாலையில் டிராம் ஏறினேன். கடலோரமாகவே ஓடும் மின்சார டிராம். 1885இல் தொடங்கியது, பிரிட்டனின் முதல் மின்சாரத் தெரு டிராம். தொடக்கத்தில் தலைக்குமேல் கம்பி இல்லை. சாலைக்கு அடியில் ஒரு காடி வெட்டி, அதற்குள் மின்சாரம் ஓடியது. கடலோரச் சாலையில் காடி வெட்டினால் என்ன ஆகும், சொல் பார்ப்போம்? ஆமாம்! மணல் புகுந்தது. உப்புத் தண்ணீர் புகுந்தது. உப்புத் தண்ணீரில் மின்சாரம் சுலபமாக ஓடும். டிராமுக்குப் போக வேண்டியது தண்ணீரில் கசிந்தது. வண்டி நின்றது. கடைசியில் 1899இல் கம்பியை மேலே தூக்கிவிட்டார்கள். 1895இல் டிராம் ஓட்டிய நம் சென்னையும் முதலில் இதே காடி முறையைத்தான் வைத்துப் பார்த்தது. இங்கே கடலுக்குப் பதில் மழைக்காலம் வந்து அதே பாடத்தை நடத்தியது!

டிராம் சன்னலில் கோபுரம் தெரிந்தது. 158 மீட்டர் இரும்புக் கோபுரம். பிளாக்பூல் மேயராக இருந்த ஜான் பிக்கர்ஸ்டாஃப் பாரிசுக்குப் போய் ஐஃபில் கோபுரத்தைப் பார்த்து மயங்கிவிட்டார். நம்மூருக்கும் ஒன்று வேண்டும் என்று கிளம்பி, 1894இல் திறந்தேவிட்டார்கள். மேலே ஏறினால் கண்ணாடித் தரை இருக்கிறது. நான் அதன்மேல் கால் வைக்கவில்லை. முழங்கால் வலி என்று சொல்லிக்கொண்டேன்.

இருட்டியதும் விளக்குகள் எரிந்தன. வெயில் குறையும் செப்டம்பரில் கூட்டம் திரும்பிப் போய்விடக் கூடாதே! 1879 செப்டம்பரில் கடற்கரைச் சாலையில் எட்டு வில்விளக்குகளை ஏற்றினார்கள். வீடுகளில் மின்விளக்கே இல்லாத காலம். வெல்டிங் பட்டறையில் 'ஜிர்ர்' என்று கண்ணைப் பறிக்கும் வெளிச்சம் வருமே, அதேதான் வில்விளக்கு. இரண்டு கரிக்குச்சிக்கு இடையில் மின்சாரம் தாவும்போது வரும் வெளிச்சம். அதைப் பார்க்க மக்கள் ரயிலேறி வந்தார்கள். இன்று சுமார் 10 கிலோமீட்டர் நீளத்துக்கு, பத்து லட்சத்துக்கு மேல் விளக்குகள்.

கடல் மறுபடி வெளியே போயிருந்தது. ஈர மணல்மேல் மெல்லிய தண்ணீர்ப் படலம். அதில் ஊர் விளக்கெல்லாம் தலைகீழாக. மேலே ஒரு பிளாக்பூல், கீழே ஒரு பிளாக்பூல். காலையில் பார்த்த இடியாப்பங்களும் அந்த விளக்கொளியில் திரும்ப முளைத்திருந்தன. மறுநாள் கடல் எத்தனை மணிக்கு வரும் என்று இப்போது எனக்கே சொல்லத் தெரிந்தது. பூமி ஒரு சுற்றுச் சுற்றி வருவதற்குள் நிலாவும் கொஞ்சம் நகர்ந்துவிடும். அதை எட்டிப் பிடிக்கப் பூமிக்கு இன்னும் சுமார் 50 நிமிடம் வேண்டும். ஆகவே இன்று மத்தியானம் பன்னிரண்டரை என்றால், நாளை?

விரலை மடக்காதே, மனசில் கூட்டு. ஒன்று இருபது. அதேதான்!

ஊர் திரும்பி, அந்த இரண்டு ராக் குச்சியில் ஒன்றை உனக்காக அலமாரியில் வைத்திருந்தேன். நேற்று எடுத்துப் பார்த்தால், காகிதத்தின் ஓட்டை வழியாக எறும்புச் சாரை! ரோஸ் போர்வையைச் சுரண்டிவிட்டு, எழுத்து வரை போய்விட்டன. எனக்குக் கோபம் வரவில்லை. லீவு வாங்கிக் கொடுத்த ஜான் லப்பக்கை மறுபடி கூப்பிடுவேன் என்றேனே? அவர் பேர்பெற்ற எறும்பு ஆராய்ச்சியாளர். வீட்டுக்குள்ளேயே கண்ணாடித் தட்டுகளுக்கு இடையில் எறும்புக் கூடு வைத்து, எறும்பின் முதுகில் சாயப் பொட்டு வைத்து, எது எங்கே போகிறது என்று வருடக்கணக்காகப் பார்த்தவர். ஒரு ராணி எறும்பை ஏறக்குறைய 15 ஆண்டு வளர்த்தார்!

அந்தக் குச்சியை இன்னும் தூக்கிப் போடவில்லை. போ, உன் பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு வா. சிவப்பு எழுத்தை முதலில் தின்கின்றனவா, வெள்ளையையா என்று பார்ப்போம்.